கருங்கோட்டை எழுத்து

“அன்பு மகன் மறைவு. வியாழன் மாலை ஐந்து மணி.” டாக்டர் வாய்விட்டுப் படித்தார். பிறகு அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் தள்ளினார். “இன்னிக்குத்தான் வியாழன். இன்னும் நாலு மணி நேரத்துல என் பையன் செத்துப்போவான்னு எவனோ அச்சடிச்சு அனுப்பியிருக்கான்.”

ஒட்டகம் அட்டையை எட்டிப் பார்த்தான். அவன் ஆறடி மூன்று அங்குலம். அதில் கணிசமான பகுதி கழுத்துக்கே போய்விட்டதால்தான் அந்தப் பெயர். எதை எட்டிப் பார்ப்பதற்கும் அவன் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய முதலாளி. ஊர் அவரை ‘சந்தேகம் மேடம்’ என்றே அழைக்கும். பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வந்தவர்களை விசாரித்தவர். எரிந்துபோன ஒரு துணிக்கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘தீ நல்ல விவரமானது, விற்காத சரக்கை மட்டும் தேடித் தேடி எரித்திருக்கிறது’ என்று ஒரே வரியில் அறிக்கை எழுதியவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். ஊழியர் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்றுதான் ஒட்டகம்.

அட்டை ஓர் உள்ளங்கையை விடச் சற்று அகலம். கறுப்புக் கரை. நடுவே மூன்று வரி. சொல்லைவிட அந்த எழுத்துதான் ஒட்டகத்தின் கண்ணை உறுத்தியது. தமிழ் எழுத்து என்றாலே சுழியும் வளைவும்தானே? இதில் ஒரு வளைவுகூட இல்லை. ஒவ்வொன்றையும் முழங்காலில் வைத்து மளுக்கென்று முறித்துப் பட்டை பட்டையாக அடுக்கியிருந்தார்கள். மேலும் கீழும் ஈட்டி முனை. எழுத்துக்குள் வெள்ளையே கிடையாது. பூட்டிய இரும்புக் கேட்டைப் படிப்பதுபோல இருந்தது.

“படிக்கிறதுக்கு முன்னாடியே மிரட்டுது மேடம்” என்றான். “இதுல ‘நலம், நலமறிய ஆவல்’னு எழுதினாக்கூட நான் கதவைப் பூட்டிக்குவேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “காலைல கேட்டுல இருக்கற பெட்டியில கிடந்துது. போலீசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர், எவனோ விளையாடறான்னு சொல்லிச் சிரிக்கறார். எனக்கு இருக்கறது ஒரே பையன். மாடியில அவன் ரூம் வாசல்ல ரெண்டு செக்யூரிட்டி போட்டிருக்கேன். ஜன்னலைக்கூடத் திறக்க விடலை.”

“யார் மேலயாவது சந்தேகமா?” என்று கேட்டார் மேடம். “நோயாளிங்க? அவங்க குடும்பம்?”

“இருபத்தஞ்சு வருஷமா ஆஸ்பத்திரி நடத்தறேன். ஆயிரக்கணக்குல ஆபரேஷன். போய்ச் சேர்ந்தவங்களையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா அடுத்த நாள் கத்தியைத் தொட முடியாது.”

படியில் செருப்புச் சத்தம். பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண், தோளில் பையோடு இறங்கி வந்தாள். மேசைமேல் கிடந்த அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“மிரட்டல்கூட அண்ணனுக்குத்தான் வருதா?” என்றாள். “இந்த வீட்டுல எனக்குன்னு எதுவும் வராது போல.”

“வாயை மூடிட்டுப் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பு” என்றார் டாக்டர். மேடத்திடம் திரும்பினார். “இந்தக் களேபரத்துல இவ வேற எதுக்கு? ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கற அம்மா கூட்டிட்டுப் போய் விட்டுடுவாங்க.”

வாசலில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி காத்திருந்தார். கையில் ஃபிளாஸ்க். அமைதியான முகம். இடது புருவம் மட்டும் பாதிக்குமேல் வெளுத்திருந்தது. அந்தப் பெண்ணின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “வாம்மா, வெயில் ஏறுது” என்றார். இருவரும் காரில் ஏறிப் போனார்கள்.

மேடம் அட்டையைக் கைக்குட்டையில் சுற்றினார். “அஞ்சு மணிக்குள்ள வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்து தங்கள் பழைய காரில் உட்கார்ந்ததும் அட்டையை ஒட்டகத்தின் மடியில் போட்டார். “விரலால ஓரத்தைத் தடவு. நாலு பக்கமும்.”

தடவினான். இடம், வலம், கீழ் மூன்றும் கத்தி வைத்ததுபோல நேர். மேல் ஓரம் மட்டும் லேசாக நெளிந்து, ஓர் இடத்தில் பிசிறடித்தது.

“மூணு பக்கம் அச்சாபீஸ் மெஷின் வெட்டினது. மேல கத்தரிக்கோல்.”

“ஆமா. மேல ஏதோ இருந்திருக்கு. நாம பார்க்கக் கூடாதுன்னு வெட்டி எடுத்திருக்காங்க. அனுப்பினது அவசரக்காரன் இல்லை.” காரைக் கிளப்பினார். “கையெழுத்து இல்லை, பேர் இல்லை, தபால் முத்திரை இல்லை. நம்ம கையில இருக்கறது இந்த எழுத்து மட்டும்தான். இதை எங்கேயாவது பார்த்திருக்கியா?”

“பார்த்திருக்கேனாவா? இந்த எழுத்துக்குக் கீழே மூணு நாள் வியர்வை சிந்தியிருக்கேன். மீன் மார்க்கெட் பின்னாடி இருக்கற ஜிம் போர்டு. நாலாம் நாள் கால் தூக்க முடியாம நின்னுட்டேன்.”

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்த எழுத்து ஊரையே வளைத்துப் பிடித்திருந்தது என்று. ஜிம் போர்டில் ‘இரும்பு’ என்று நின்றது. ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் ‘தள்ளி நில்’ என்றது. மாலைப் பத்திரிகை ஒன்றின் தலைப்பில் இருந்தது. மிளகாய்ச் சாஸ் பாட்டிலில், பாட்டுக் கச்சேரி சுவரொட்டியில், நாய் ஜாக்கிரதைப் பலகையில் இருந்தது. யாராவது தன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று நினைத்த அத்தனை பேரும் ஒரே எழுத்தைத்தான் எடுத்திருந்தார்கள். காரின் ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க, ஊரே தங்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதுபோல ஒட்டகத்துக்குத் தோன்றியது.

இரண்டரை மணிக்குப் பச்சை குத்தும் கடை ஒன்றின் முன் நின்றார்கள். போர்டு அதே எழுத்தில் இருந்தது. உள்ளே கடைக்காரர், கழுத்துவரை ஓவியமாக, ஸ்டூலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் அட்டையைக் காட்டினார். “இந்த எழுத்து யார்கிட்ட இருந்து வாங்கினீங்க?”

“கருங்கோட்டை” என்றார் கடைக்காரர், சோற்றை விழுங்கிவிட்டு. “அதான் இந்த எழுத்தோட பேரு. கேட்டு வர்றவன்ல பாதிப் பேர் இதைத்தான் கேக்கறான். ‘அம்மா’ன்னு குத்தினாக்கூட அடிக்க வர்ற மாதிரி இருக்கும்ல? ஆனா சின்ன சைஸ்ல நான் குத்த மாட்டேன்.”

“ஏன்?”

“உள்ள மசி கசிஞ்சா எந்த எழுத்து எதுன்னு தெரியாது. ஆரம்பத்துல ஒருத்தன் மணிக்கட்டுல காதலி பேரைக் குத்திக்கிட்டுப் போனான். ரெண்டு வாரம் கழிச்சு வீங்கின கன்னத்தோட வந்தான். அந்தப் பொண்ணு படிச்சது வேற ஒருத்தி பேராம்.”

ஒட்டகம் சிரித்தான். மேடம் சிரிக்காமல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதை வரைஞ்சது யாரு?” என்று கேட்டார்.

“போர்டக்கா. பழைய பஸ் நிலையத்துக்கு எதிர்ல பெயர்ப்பலகைக் கடை வெச்சிருக்காங்களே, அவங்கதான். இந்த எழுத்து முழுக்க அவங்க ஒருத்தர் கையால வரைஞ்சது.”

பழைய பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். ஒட்டகம் மணியைப் பார்க்காமல் இருக்க முயன்றான். முடியவில்லை. மூன்று நாற்பது.

போர்டக்காவின் கடையில் சுவர் தெரியவில்லை. ஆளுயர எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. தகரத்தில் வெட்டியவை, பிளாஸ்டிக்கில் வெட்டியவை, பாதி பெயின்ட் அடித்தவை. நடுவில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் போர்டக்கா, முழங்கைவரை கறுப்புப் பெயின்ட்டோடு திரும்பிப் பார்த்தாள்.

“கருங்கோட்டையா? வாங்க. கடை போர்டா, வண்டிக்கா?”

மேடம் அட்டையை நீட்டினார்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கை அப்படியே நின்றது. மெஷினை நிறுத்தினாள்.

“இது எங்கே கிடைச்சுது?”

“இன்னிக்குக் காலைல ஒரு வீட்டுப் பெட்டியில.”

“இருக்காது.” தலையை ஆட்டினாள். “இது பழசு. ரெண்டு வருஷம் ஆச்சு.”

“எப்படிச் சொல்றீங்க?” என்றான் ஒட்டகம். “அட்டையில தேதியே இல்லையே.”

“எழுத்துல இருக்கே. இப்போ ஊர் முழுக்க நீங்க பார்க்கறது நான் ரெண்டாவது தடவை வரைஞ்சது. இது முதல் கருங்கோட்டை. இந்த முதல் எழுத்துல ரெண்டே ரெண்டு வேலைதான் நடந்துது. நூறு துக்க அட்டை, ஒரு கல்லறைக் கல். ரெண்டும் ஒரே வீட்டுக்கு. அதோட நான் இதை அழிச்சுட்டேன்.”

“ஏன் அழிச்சீங்க?” என்று கேட்டார் மேடம்.

போர்டக்கா அட்டையை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “முதல் வரியைப் படிங்க.”

“அன்பு மகன்.”

“எல்லாரும் அப்படித்தான் படிச்சாங்க.” அவள் குரல் இறங்கியது. மேசைமேல் கிடந்த வெள்ளைத் தாளில், பட்டை பிரஷ்ஷால் இரண்டு எழுத்துகள் எழுதினாள். அதே முறித்த பட்டைகள், அதே ஈட்டி முனைகள். “இது ‘ன்’. இது ‘ள்’. ளகரத்துல கடைசிக் கால் கொஞ்சம் விலகி நிக்கணும். நடுவுல வெள்ளை தெரியணும். நான் முதல்ல வரைஞ்சப்போ அழகா இருக்கணும்னு அந்த வெள்ளையை நூல் அளவுக்கு ஒல்லியாக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல பெரிசா பார்க்கும்போது தெரிஞ்சுது. அச்சடிச்சப்போ மசி பரவி அந்த நூலை மூடிடுச்சு.”

மேடம் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அட்டைமேல் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். ஒட்டகமும் குனிந்து பார்த்தான். கறுப்புக்குள் கறுப்பாக, இருப்பதும் இல்லாததுமாக, ஒரு சாம்பல் கீற்று.

“இது மகன் இல்லைங்க” என்றாள் போர்டக்கா. “மகள்.”

ஒட்டகம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தான்.

“அந்த ஆளு வாயால படிச்சார்” என்றார் மேடம் மெல்ல. “நாம கண்ணால பார்க்கறதுக்கு முன்னாடியே காதால கேட்டுட்டோம். அவருக்கு ‘அன்பு’ன்னு ஆரம்பிச்சாலே அடுத்தது பையன்தான்.” பூதக்கண்ணாடியை மடக்கினார். “இந்த அட்டை யாரையும் கொல்றதுக்காக அச்சடிச்சது இல்லை. ஏற்கெனவே செத்துப்போன ஒரு பொண்ணோட அட்டை. யாரு அந்தப் பொண்ணு?”

“மேல பேரு இருந்திருக்கும். வெட்டிட்டாங்க. ஆணுக்கும் பொண்ணுக்கும் பொதுவா வைக்கிற பேரு. போட்டோ வேண்டாம்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. அதனால துக்கம் கேக்க வந்த தூரத்து ஜனம் எல்லாம் ‘பையன் என்ன படிச்சான், பையனுக்கு என்ன ஆச்சு’ன்னு கேட்டிருக்காங்க. கல்லுலயும் அதே எழுத்து. பூ வைக்க வந்தவங்ககூட ‘பாவம், ஒரே மகன் போல’ன்னு சொல்லிட்டுப் போனாங்களாம்.” போர்டக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “ஒரு நாள் அந்த அம்மா இந்தக் கடைக்கு வந்தாங்க. சண்டை போடலை. கல்லோட படத்தைக் காட்டி, ‘இதுல என் பொண்ணு எங்கே இருக்கா, காட்டு’ன்னாங்க. என்னால காட்ட முடியலை. வேற கல் செஞ்சு தரேன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். வேண்டாம்னு போயிட்டாங்க.”

“பொண்ணு எப்படிச் செத்தா?”

“வயித்து வலின்னு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. குடல்வால் வெடிச்சிருக்கு. பெரிய டாக்டர் வந்து அறுத்திருந்தா பிழைச்சிருப்பா. அவர் சாயங்காலம் வரைக்கும் வரவே இல்லையாம். அந்த அம்மா மூணு தடவை புகார் எழுதினாங்க. ‘அழைப்பு வந்ததற்கு ஆதாரம் இல்லை’ன்னு மூணு தடவையும் மூடிட்டாங்க.”

“அவங்க ஆளு எப்படி இருப்பாங்க?”

“அமைதியா இருப்பாங்க. குரலே வெளியில வராது. இடது புருவம் மட்டும்...” போர்டக்கா தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். “பாதி வெளுத்திருக்கும்.”

டாக்டர் வீட்டு வாசல் ஒட்டகத்துக்கு நினைவு வந்தது. ஃபிளாஸ்க். ‘வாம்மா, வெயில் ஏறுது.’

“மேடம்...”

மேடம் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். மறுமுனையில் டாக்டர் அவசரமாக எடுத்தார்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா? பையன் நல்லா இருக்கான், நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.”

“பொண்ணு எங்கே?”

“பொண்ணா? அவ பெரியம்மா வீட்டுல.”

“போய்ச் சேர்ந்தாளான்னு கேட்டீங்களா?”

டாக்டர் அவளை ஒரு மணிக்கு அனுப்பினார். இப்போது நாலு. அரை மணி நேரப் பயணம். மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை.

“அந்த ரிசப்ஷன் அம்மா உங்ககிட்ட எத்தனை நாளா வேலை செய்யறாங்க?”

“மூணு மாசமா... ரொம்ப நல்ல மாதிரி... ஏன்?”

மேடம் போனைத் தாழ்த்திப் போர்டக்காவைப் பார்த்தார். “அந்தக் கல் எங்கே இருக்கு?”

“ஆத்தோரக் கல்லறைத் தோட்டம். பின் மதில் ஓரம், கடைசி வரிசை.”

அடுத்த நாற்பது நிமிடங்கள் ஒட்டகத்துக்குச் சரியாக நினைவில்லை. மேடம் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் புகுந்தது நினைவிருக்கிறது. ஒரு காய்கறி வண்டிக்காரர் கத்தியது நினைவிருக்கிறது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேடம் டாக்டருக்கு இடத்தைச் சொன்னதும், பிறகு இன்ஸ்பெக்டரிடம், “இப்போ சிரிக்காம கேளுங்க” என்று சொன்னதும் நினைவிருக்கிறது. தான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்பதும்.

கல்லறைத் தோட்டத்தின் கேட் பாதி சாத்தியிருந்தது. கார் நிற்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. நீளமான கால்களுக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்தது. வரிசைகளைத் தாண்டித் தாண்டி ஓடினான். பின் மதில் தெரிந்தது. கடைசி வரிசை தெரிந்தது.

கறுப்புக் கல் ஒன்றின்மேல் சாய்ந்து டாக்டரின் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை முழங்காலில் கவிழ்ந்திருந்தது. கை தளர்ந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் திறந்த ஃபிளாஸ்க். வெள்ளைப் புருவக்காரர் எதிரே மண்ணில் அமர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏய்!” என்று கத்தினான் ஒட்டகம். அவன் குரல் அவனுக்கே வேற்றாளுடையதாகக் கேட்டது. “பாப்பா!”

அசைவில்லை.

இரண்டே தாவலில் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினான். தலை நிமிர்ந்தது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கன்னம் முழுக்க ஈரம்.

“நான் ஒண்ணும் குடிக்கலை” என்றாள் அவள்.

ஒட்டகம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் கவனித்தான். ஃபிளாஸ்க் காலியாகக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த மண் வெள்ளையாக நனைந்து, எறும்புகூட அண்டாமல் கிடந்தது.

மேடம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வெள்ளைப் புருவக்காரர் எழுந்திருக்கவில்லை. ஓடவும் முயலவில்லை.

“பால்ல தூக்க மாத்திரை பொடி பண்ணிப் போட்டிருந்தேன்” என்றார். போர்டக்கா சொன்னதுபோல் குரல் வெளியே வரவே இல்லை. “அஞ்சு மணிக்குக் கொடுக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆளு கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பிள்ளையைக் காவல் காக்கட்டும், இன்னொண்ணு எங்கே போச்சுன்னு தெரியாமப் போகட்டும்னுதான் அந்த அட்டையை அனுப்பினேன். அவர் எப்படிப் படிப்பார்னு எனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன் கொட்டினீங்க?” என்றார் மேடம்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “இவ கல்லைப் படிச்சா.”

“எனக்கும் மகன்னுதான் தெரிஞ்சுது” என்றாள் பெண், மூக்கைத் துடைத்தபடி. “ஆன்ட்டியோட குழந்தைன்னு சொன்னாங்க. சும்மா கையை வெச்சுத் தடவினேன். கடைசி எழுத்துல நூல் மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டுது. பெயின்ட்டுக்குக் கீழே. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ‘மகளா ஆன்ட்டி?’ன்னு கேட்டேன்.”

“ரெண்டு வருஷம்” என்றார் அந்த அம்மா. “ஒருத்தர் கேக்கலை. இந்தக் கழுதைதான் கேட்டுது. அதுக்கப்புறம் எந்தக் கையால கொடுப்பேன்?”

கேட் பக்கம் கார் வந்து நின்ற சத்தம். டாக்டர் ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மகளைப் பார்த்ததும் முகம் உடைந்தது. கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் எழுந்து நின்றாள். ஆனால் அவரிடம் போகவில்லை.

டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அதிலிருந்த கறுப்பு எழுத்துகளின்மேல் கண் ஓடியது. எதுவோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

“அம்மா” என்றார், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களிடம் பேசும் அந்தத் தணிந்த குரலில். “என் ஆஸ்பத்திரியிலதான் நடந்திருக்குன்னு நினைக்கறேன். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா உங்க பையனுக்கு நடந்ததுக்கு நான் ரொம்ப வருத்தப்படறேன்.”

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“பையன் இல்லைப்பா” என்றாள் மகள்.

“என்னம்மா?”

“உங்களுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கு.” அவள் கல்லின்மேல் கை வைத்தாள். “மதியத்துல இருந்து ஆன்ட்டி எல்லாத்தையும் சொன்னாங்க. எந்த மாசம், எந்தத் தேதி, எத்தனை மணின்னு. அன்னிக்கு நாம எல்லாரும் அண்ணனோட பைக் ரேஸ் பார்க்கப் போயிருந்தோம். உங்க போன் என் பையிலதான் இருந்துது. ஆஸ்பத்திரியில இருந்து அடிச்சாங்க. எடுத்துக் கொடுத்தேன். ‘அப்புறம் பேசறேன்’னு வெச்சுட்டீங்க. மறுபடியும் அடிச்சாங்க. மறுபடியும் கொடுத்தேன். மூணாவது தடவை, ‘அதை அணைச்சுத் தொலை, அண்ணன் வர்ற நேரம்’னு சொன்னீங்க. நான்தான் அணைச்சேன்.”

டாக்டர் ஓர் அடி அவள் பக்கம் வந்தார். “நீ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன தெரியும்...”

“அந்தப் பொண்ணுக்கும் அப்போ என் வயசுதானாம்.”

ஒட்டகம் மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். அழைப்பு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று மூன்று தடவை மூடிய புகார். இரண்டு வருஷமாக அந்தத் தாய் தேடி அலைந்த ஒரே சாட்சி. அந்தச் சாட்சிக்குத்தான் அவர் இன்று பாலைக் கலக்கிக்கொண்டு வந்திருந்தார். அது அவனுக்கும் மேடத்துக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். அந்த அம்மா வெள்ளையாக நனைந்த மண்ணைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்க முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மதிலுக்கு வெளியே ஜீப் நின்றது. காலையில் சிரித்த இன்ஸ்பெக்டர், தொப்பியைச் சரிசெய்தபடி இரண்டு காவலர்களோடு வரிசைகளுக்கு நடுவே வந்தார். காலி ஃபிளாஸ்க், மண்ணில் அமர்ந்த பெண்மணி, வெளிறிய டாக்டர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் மேடத்திடம் திரும்பினார்.

“கேஸ் யார் மேலம்மா?”

மேடம் அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அப்பா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

“ரெண்டு பேர் மேலயும்” என்றாள். “நான் சொல்றேன், எழுதிக்கங்க.”